சிவப்பு வட்டம் போட்ட நாட்கள்

ஒரே ஒரு ஆளுக்குச் சமைப்பது லேசான வேலை இல்லை மேடம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சியதை மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட உட்கார்ந்தால், நேற்றும் தனியாகத்தான் சாப்பிட்டோம் என்பது ஞாபகம் வரும். கல்யாணமாகி முதல் வருஷத்திலேயே நான் இதைத் தெரிந்துகொண்டேன்.

முதலில் இருந்து நிதானமாக எழுதச் சொன்னீர்கள். பேனாவும் நல்ல பேனாவாகக் கொடுத்திருக்கிறீர்கள். என் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தை எடுத்துக்கொண்டுதான் அவள் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பெண், கொஞ்சம் அவசரக்காரி, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். மாசத்தில் இருபது, இருபத்திரண்டு நாள் ரோட்டில் இருப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அவரைப் பெற்றவளே சொல்லிச் சிரிப்பாள். லோடு உறுதியானதும் அவர் செய்கிற முதல் காரியம், சமையலறைக் காலண்டரில் கிளம்புகிற தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவது. முன்பு ஒரு முதலாளியிடம் வேலை செய்த காலத்தில் ஆபீஸ் சுவரில் அப்படித்தான் போடுவார்களாம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். போகிறேன் என்று என்னிடம் வாய்திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. வட்டம் போட்டால் சொன்ன மாதிரி. காலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போனால் கண்ணில் அதுதான் படும். அன்றைக்குப் பூராவும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமலே சமைப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் இல்லாத நாட்களில் ரேடியோவை நிறுத்தமாட்டேன். என்ன பாடுகிறது என்று கேட்கமாட்டேன், யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிற ஆளிடம் தண்ணீர் குடிக்கிறீர்களா, வெயில் அதிகமா என்று கேட்டு ஐந்து நிமிஷம் நிறுத்திவைப்பேன். அந்த ஆள் பாவம், பிறகு பிறகு கதவு தட்டாமலே மீட்டரைப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். பதினாலு வருஷம், மேடம். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. குறை சொல்ல எதுவும் இல்லாததால் யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை.

பதினாலு வருஷம் ஓடுகிற வண்டியில் ஒரு கீறல் படாதவர், நிற்கிற வண்டியில் இருந்து விழுந்தார். லோடு ஏற்றும் இடத்தில், மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்துவிட்டது. முதுகுத் தண்டுவடம் நெஞ்சு மட்டத்தில் நசுங்கிப்போனது. கை இரண்டும் நன்றாக இருந்தன. நெஞ்சுக்குக் கீழே அவருடையது என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. வெந்நீர் ஊற்றினாலும் தெரியாது, சிறுநீர் முட்டினாலும் தெரியாது. மூன்று மாசம் கழித்து ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது, சிறுநீர்ப்பையில் ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையும் அவரோடு வீட்டுக்கு வந்தன.

குழாய் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தது அந்த நர்ஸ்தான். மாசம் ஒருமுறை வந்து குழாயை மாற்றுவாள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணே என்பாள். கையை எப்படிக் கழுவ வேண்டும், பை எந்த உயரத்தில் தொங்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எழுத ஒரு நோட்டும் கொடுத்தாள். பீரோக் கதவில் ஒரு அட்டையை ஒட்டினாள். திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலித்தால், முகம் சிவந்து வியர்த்தால், உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்துக் குழாயைப் பார்க்க வேண்டும். எங்கேயாவது மடங்கியோ அடைத்தோ இருக்கும்.

"கீழ என்ன நடக்குதுன்னு அண்ணனுக்குத் தெரியாதுக்கா. ஆனா உடம்புக்குத் தெரியும். பிரஷர் சட்டுனு எகிறிடும். அஞ்சு நிமிஷம்கூட விடக்கூடாது" என்றாள்.

அவர் படுத்தபடியே சிரித்தார். "அவ்வளவுதானே? ஹோஸ் அடைச்சா ரேடியேட்டர் கொதிக்கும். இதுக்கு எதுக்கு அட்டை?"

அன்று முதல் குழாய்க்கு ஹோஸ் என்றே பெயர். லோடு எடுக்கும் முன்னால் வண்டியைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி, தினமும் காலையில் குளித்து உடுத்திச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குழாயில் வைத்து மேலிருந்து கை எட்டும் வரைக்கும் ஒரு தடவு தடவுவார். கோணல் மாணல் இல்லை என்றால் "ரைட், போலாம்" என்பார். போவதற்கு எங்கேயும் இடமில்லை. ஆனாலும் சொல்வார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷம்தான் நான் குடும்பம் நடத்தினேன். காலண்டரில் ஒரு வட்டம் கிடையாது. இரண்டு தட்டு வைத்தேன், இரண்டு தட்டிலும் சாப்பிட்டோம். எனக்கு என்ன பிடிக்கும் என்று பதினாறாவது வருஷத்தில் கேட்டார். சொன்னேன். தலைக்கு மேல் வேலை இருந்தது. துணி, பை, வெந்நீர், இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது. எனக்கு ஒருநாளும் அலுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள். நானும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன் மேடம். இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

மூன்றாவது வருஷம் அவருடைய பார்ட்னர் வந்தார். ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். பார்ட்னர் இப்போது வேறொரு ஊரில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். எந்த வண்டி எங்கே போகிறது, எந்த ரோடு எப்படி என்று போனில் உட்கார்ந்து சொல்ல விஷயம் தெரிந்த ஆள் தேவையாம்.

"காலா ஓட்டப்போவுது? வாய்தானே வேணும். அது உனக்குக் குறைவில்லாம இருக்கு" என்றார் பார்ட்னர்.

மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். காலண்டரில் சிவப்பு வட்டம்.

அந்த வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீர் கலங்கி நாற்றம் எடுத்தது. உடம்பு தூக்கிப்போட்டது, கால்கள் தாமாக இழுத்துக்கொண்டன. குழாய் போட்டவர்களுக்கு இது வருவதுதான் என்று நர்ஸ் சொன்னாள். அந்த முதல் காய்ச்சல் நான் செய்ததில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு வாரம் அவர் என் கையை விடவில்லை. "நீ இல்லேன்னா நான் என்னாவேன்" என்றார். பயணம் நின்றுபோனது. வட்டம் போட்ட தேதி மற்ற தேதிகளைப் போலவே கடந்துபோனது.

இரண்டாவது காய்ச்சல் நான் செய்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதும் நான்தான். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நர்ஸ் செய்யச் சொன்னதில் ஒன்றிரண்டைச் செய்யாமல் விட்டேன், செய்யக்கூடாது என்றதில் ஒன்றிரண்டைச் செய்தேன். உடம்பு தேறியதும் பயணத்துக்கு மறுபடி நாள் பார்த்து வட்டம் போடுவார். வட்டம் விழுந்ததும் தொடங்கினால் மூன்று நாலு நாளில் உடம்பு சுட ஆரம்பிக்கும். நோட்டில் மட்டும் எல்லாம் சரியாக எழுதினேன். அவருக்கு வலிக்காது என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. வலிக்கிற மனுஷனுக்கு நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன்.

நர்ஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழாயை மாற்றிப் பார்த்தாள், பரிசோதனைக்கு அனுப்பினாள், டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். இப்படியே போனால் எந்த மருந்தும் கேட்காமல் போய்விடும் என்றார். ஐந்தாவது தடவை அவள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"நான்தான்கா எங்கயோ தப்பு பண்றேன். என் கையிலிருந்துதான் கிருமி போவுதோ என்னவோ."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். நீ என்ன செய்வாய், அவர் உடம்பு வாகு அப்படி என்று சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி இந்த நிரந்தரக் குழாயே வேண்டாம், வேளாவேளைக்குத் தானே மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீரை வடித்துவிட்டுக் குழாயை உருவிவிட அண்ணனுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறேன் என்றாள். அவருக்குத்தான் கை நன்றாக இருக்கிறதே. பை இருக்காது, கிருமியும் குறையும், யார் தயவும் வேண்டாம். யார் தயவும் வேண்டாம் என்றபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கெட்டிக்காரர். இரண்டே வகுப்பில் பிடித்துக்கொண்டார். அடுத்த மாசம் நிரந்தரக் குழாயை எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அன்று சாயங்காலம் பார்ட்னரோடு போனில் பேசினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமாப்பா, அடுத்த மாசத்துல இருந்து அங்கதான். இங்க என்ன இருக்கு?" என்றார்.

இங்கே என்ன இருக்கு என்று கேட்டார், மேடம். நான் மடித்துவைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

காலண்டரில் வட்டம் விழுந்தது. இந்தத் தடவை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். பேனா சரியாக எழுதவில்லை போலிருக்கிறது, இரண்டுதரம் சுற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். வழக்கம்போல ஆரம்பித்தேன். ஆனால் டாக்டர் கொடுத்த புது மாத்திரை காய்ச்சலை வரவிடவில்லை. வட்டம் போட்ட நாள் காலையில் உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்குக் குளிக்கவைத்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுவிட்டேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். "ரைட், போலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் நல்லதா ஒண்ணு உடுத்திக்க" என்றார். பார்ட்னர் வருகிறார், வீட்டுக்காரி கந்தலாக நிற்கக்கூடாது என்று சொல்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன்.

கிளிப்பைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. நானாகத்தான் சொல்கிறேன். துணி காயப்போடுகிற கொடியில் இருந்து ஒரு நீலக் கிளிப்பை எடுத்துவந்தேன். நாற்காலி மெத்தையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, அடியில் அவர் கை எட்டாத இடத்தில் குழாயை இரண்டாக மடித்துக் கிளிப்பைப் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் தலைவலி வர வேண்டும், இன்றைக்கு முடியவில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், உடனே எடுத்துவிட வேண்டும். என் மனசில் இருந்தது இதுதான். பிறகு போய் நோட்டில் எட்டு மணி, முந்நூற்றைம்பது மில்லி என்று எழுதினேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

எட்டரை மணிக்கு விசில் நின்றது.

"தலை வலிக்குது" என்றார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. காது சிவந்திருந்தது. "ரேடியேட்டர் கொதிக்குது போல. ஹோஸ் பாரு."

நான் குனிந்தேன். கிளிப் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்துட்டேங்க. சரியா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

அவரே குனியப் பார்த்தார், நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். குனிந்தால் தலைவலி கூடும் என்றேன். கேட்டுக்கொண்டார். நான் சொன்னால் அவர் கேட்பார், அந்த மூன்று வருஷத்தில் எங்களுக்குள் அப்படி ஒரு நம்பிக்கை வளர்ந்திருந்தது. எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கு வேணாம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"சேச்சே. பார்ட்னர் பாதி தூரம் வந்திருப்பான். சரியாப் போயிடும்."

மறுபடி கேட்டேன். தலையை அசைத்து மறுத்தார். ஒரு வார்த்தைதான் மேடம். முடியலை என்று சொல்லியிருந்தால் அந்த நொடியே எடுத்திருப்பேன். நான் காத்திருந்தேன். பீரோக் கதவில் அந்த அட்டை என் கண்ணுக்கு நேராக இருந்தது. மூன்றாவது தடவையும் ஹோஸைப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டேன் என்றேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கிளம்பணும்" என்றார். அது அவர் பேசிய கடைசி வார்த்தை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது, என் கையில் இருந்த அவருடைய வலது கை கனத்துப்போனது.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதும் குனிந்து கிளிப்பை எடுத்தேன். கொடியில் கொண்டுபோய்ப் போட்டேன். பார்ட்னர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, நீ இன்னும் ரெடியாகலையா?" என்றார்.

நான் எதற்கு ரெடியாக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குள் அவர் இவரைப் பார்த்துவிட்டார். அதன்பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை பார்ட்னர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை கண்ணெதிரே மளமளவென்று நிரம்பியதாக அவர்தான் பிறகு நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்கு முந்நூற்றைம்பது வந்திருந்தால் ஒன்பது மணிக்கு அவ்வளவு எப்படி என்று அவள் யோசித்திருக்கிறாள். நோட்டையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டுபோய் அவள் வீட்டு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கடைசி வட்டத்தைத் தவிர ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் ஒரு காய்ச்சல். மீதி உங்களுக்குத் தெரியும்.

ரத்த அழுத்தம் ஏறி மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பேச்சு வராது. வலது கை வராது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஒரு நிமிஷம் அகலவில்லை. அங்கே எல்லோரும் என்னைக் காட்டி, பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும் என்று பேசிக்கொண்டார்கள்.

பார்ட்னர் ஒரு கதை சொல்கிறார், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்திருந்தாராம். அதைக் காட்டத்தான் அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட வந்தாராம். இரண்டு வட்டம் இரண்டு பேருக்காம். சமையலறை ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும், அவளுக்கு ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் பிடிக்காது என்று இவர் சொல்லித் தேடச் சொன்னாராம். இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வட்டம் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். நடந்ததில் அவர் பங்கும் இருக்கிறது என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் சொல்லவில்லை.

இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். நான் பக்கத்தில் போனாலே அவருடைய இடது கை போர்வைக்குள் தடவித் தடவிக் குழாயைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. விரலைப் பிரித்துவிட்டாலும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. கண்ணில் தண்ணீர் வழிகிறது. மற்றவர்கள் யார் போனாலும் இப்படி இல்லையாம். அவர் பயப்படுகிறார், இனி உள்ளே வராதீங்கக்கா என்று அவரைப் பார்க்க அங்கே வந்த நர்ஸ் சொன்னாள். அவள் சின்னப் பெண், குடும்பம் நடத்தியவள் இல்லை. அவரோடு பதினேழு வருஷம் வாழ்ந்த எனக்குத் தெரியாதா? என்னைப் பார்த்ததும் அவருக்குப் பழைய ஞாபகம் வருகிறது. ஹோஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார், எங்கள் வீட்டில் தினமும் காலையில் பார்த்த மாதிரி.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். மணி ஐந்தாகப்போகிறது, ஆறு மணிக்குப் பையைக் காலி செய்ய வேண்டும். வெளியாட்கள் செய்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, நானே போய்ச் செய்துவிடுகிறேன். இனிமேல் அவர் எங்கேயும் போகமாட்டார் இல்லையா, அவரைத் தனியாக விடக்கூடாது.